ஜீப் நிற்கிற கடை

எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைக் கரைத்துக் குடிப்பார்கள். போடிமெட்டு மோனிஷாவோ அப்பாவின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அப்பா சுடலைமணி விடியுமுன் போடிக்கு இறங்கி, ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார். வழியில் அவர் எந்த டீக்கடையில் நிறுத்துகிறாரோ, அங்கேதான் அத்தனை பேரும் டீ குடிப்பார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் வீட்டுக்கு மசாலாப் பொடியும் அங்கேதான் வாங்குவார்கள். அப்புறம் பொடி விற்கக் கடைக்காரரைப் பிடித்து என்ன புண்ணியம்? டிரைவரை அல்லவா பிடிக்க வேண்டும்! இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. எந்த ஜீப் எங்கே நிற்கும், எந்த டிரைவர் யார் பேச்சைக் கேட்பார் என்பதெல்லாம் அலைந்து அலைந்து அவளே தெரிந்துகொண்டது.

கோட்டயத்து மசாலாக் கம்பெனி ஒன்று இந்த மலைக்கு விற்பனை மேனேஜர் எடுக்கிறதென்று கேள்விப்பட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பது ஒரே இடம். அப்பாவை எதிரே உட்காரவைத்து, இன்டர்வியூவில் சொல்லப்போவதையெல்லாம் அவரிடமே சொல்லிப் பழகினாள். மனுஷன் ஊம் கொட்டிக் கேட்டார். மகளுக்கு அதில் ஒரே பெருமை.

இன்டர்வியூவில் அவள் ஜீப் கதையை எடுத்ததுமே அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். சற்று முன்னால் வந்த ஷீனா என்ற பெண் இதையே சொல்லிவிட்டுப் போனாளாம். கூட ஒத்துழைக்க ஒரு டிரைவரையும் பேசி வைத்திருக்கிறாளாம், பெயர் சுடலைமணி. அடுத்தவர் யோசனையைத் திருடக்கூடாது என்று மோனிஷாவுக்கே புத்தி சொல்லி அனுப்பினார்கள், கொடுமையைப் பாருங்கள். ஷீனா வேறு யாருமல்ல, சுடலைமணி ஆளிறக்குகிற எஸ்டேட் முதலாளியின் மகள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டாள். சுடலைமணி மழுப்பவில்லை. முதலாளி கேட்டாராம், இவர் எல்லாவற்றையும் சொன்னாராம். அதற்குப் பதிலாக எஸ்டேட்டுக்கு ஆளேற்றுகிற ஓட்டம் முழுக்க இனி இவருக்குத்தானாம்.

"ஒனக்கும் சேத்துத்தாம்மா பேசிருக்கேன்," என்றார். "ஷீனாப் பாப்பா வேலைக்குச் சேந்ததும் ஒன்ன ஒத்தாசைக்கு வச்சுக்கிடும்."

"எனக்காகப் பேசத்தானப்பா நானே போனேன்."

"சின்னப் புள்ளைய மாதிரிப் பேசாத. அந்தப் பாப்பா மேல கோவப்பட்டு ஆகப்போறது என்ன?"

"அவ மேல எனக்கென்ன கோவம்? அவ யாரோ எவளோ. நீங்க எங்கப்பால்லயா?" என்றாள் மோனிஷா.

மறுநாள் விடியுமுன் ஜீப் கிளம்பியபோது அவள் அதில் ஏறவில்லை.