தாங்கி இல்லாத கப்பல்

மகள் இறந்த வருடத்தின் கடைசி மழைக்கு மறுநாள், இஸ்திரியம்மாவின் முன்னறையில் ஒரு விண்கப்பல் எதன்மேலும் நிற்காமல், எதிலும் தொங்காமல், மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. சர்க்கரை கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அதன் கீழே கையை விட்டுப் பார்த்தாள், மேலே கையை விட்டுப் பார்த்தாள். "நூல் இல்லியே" என்றாள். "இல்ல" என்றாள் இஸ்திரியம்மா. "மேசையத் துடைக்க வசதிதான்" என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போனாள்.

கப்பலைச் செய்தவள் மகள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், ஆள் போய்ச் சேரும்வரை போனில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க மாட்டாள். கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்துவிடுவாள். ஷாம்பு பாட்டில் கப்பலின் உடம்பு. தரை கழுவும் திரவத்தின் மூடிகள் என்ஜின்கள். சீப்பின் பற்கள் ஏணி, பேனா ரீஃபில்கள் குழாய்கள், அப்பாவின் பழைய ஷேவிங் ரேசர் தலைகள் காற்றுப் போக்கிகள். எல்லாவற்றின் மேலும் சாம்பல் வண்ணத்தில் ஒரு பூச்சு அடித்துவிட்டால் எது மூடி, எது சீப்பு என்று வாங்கிப் போட்டவளுக்கே அடையாளம் தெரியாது. ஜன்னல்களை மட்டும் ஊசிமுனையால் குத்துவாள். ஜன்னல் எவ்வளவு சின்னதோ, கப்பல் அவ்வளவு பெரியது என்பது அந்த வேலையில் கணக்கு. "இந்த ஜன்னல்ல ஒரு ஆள் நின்னு வெளிய பாக்கலாம்மா" என்பாள். "அப்ப கப்பல் எவ்வளவு பெருசுடி?" "நம்ம ஊரு அளவு." "ஊரு அளவுக்குக் கப்பல் கட்டறவளுக்கு ஒரு மூடிய விட்டு வைக்க மனசு வரல. ஷாம்பு பூரா அலமாரில வழிஞ்சு கெடக்கு." இந்தச் சண்டை அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை நடந்தது. பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வந்தது அவளுடைய செருப்பும் கண்ணாடியும்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் மூடிகள் எல்லாம் அதனதன் பாட்டிலில் இருந்தன. இஸ்திரியம்மா ஒருநாள் அவற்றையெல்லாம் கழற்றி மேசைமேல் கொட்டிவிட்டு, அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கப்பலின் வலது பக்கம் முழுமையாக இருந்தது. சுவரைப் பார்த்த இடது பக்கம் வெறும் ஷாம்பு பாட்டிலாக, நடுவில் ஒரு ஓட்டையோடு இருந்தது. இந்த வேலை செய்பவர்கள், கப்பல் பறப்பதுபோல் எடுக்கும் போட்டோவில் விழாத பக்கத்தை முடிப்பதில்லை. கப்பலைத் தூக்கி நிறுத்தும் தாங்கியின் தண்டு நுழைய அந்தப் பக்கத்தில் ஒரு ஓட்டை விட்டு வைப்பார்கள். இது பெற்றவர்களுக்குத் தெரியாது. பாதியில் விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். அவளுடைய அப்பா, வேலைக்காலம் முழுக்க பஸ் ஓட்டிக் கழித்ததால் பஸ்காரர் என்றே பெயராகிப்போனவர், "நாமளே முடிச்சுடலாமா?" என்று கேட்டார். மகள் போனபிறகு அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி அது. மழைக்காலம் முழுக்க இருவரும் ஒட்டினார்கள். மாத்திரை அட்டைகள், ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் குடித்த உறிஞ்சுகுழல், பஸ்ஸின் ஹார்ன் பித்தான். "அது நட்டுக்க இருக்கு." "என்ஜின்னா அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும்?" "ஆமா, நீங்க ராக்கெட் ஓட்டினவரு." ஓட்டையின்மேல் இஸ்திரியம்மா தன் சலவைக் கடையின் வட்ட பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்தது மாதிரிப் பொருந்தியது. பசை காய்ந்த மறுநாள் காலையில் கப்பல் அந்தரத்தில் நின்றது. ஊசிமுனை ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தது.

அது நகர்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பஸ்காரர்தான். ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை, மூக்கு பார்த்த திசையில், தெரு ஜன்னலை நோக்கி. நூலில் கட்டினார்கள், நூல் அறுந்தது. கயிற்றால் மேசைக்காலில் கட்டினார்கள்; மேசையும் கூடவே போனது. ஜன்னலை மூடினால் கண்ணாடியில் மோதி நொறுங்கும், திறந்தால் போய்விடும். "இருந்த ஒண்ணும் போகணுமா?" என்று இஸ்திரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மகளுடைய ஆபீசில் வேலை பார்த்தவனும், அவளைப்போலவே கப்பல் செய்கிறவனும், விரலெல்லாம் காய்ந்த பசையாகத் திரிவதால் 'பசை' என்று அழைக்கப்பட்டவனுமான ஒருவனை வரவழைத்தார்கள். அவன் கப்பலைப் பார்த்தான். இடது பக்கத்தையும் பார்த்தான். டோக்கனை விரலால் தடவினான்.

"இங்க ஒரு ஓட்டை இருந்திருக்குமேம்மா."

"மூடிட்டோம். தப்பா?"

"தப்புன்னு இல்ல. ஓட்டை இருந்தா அது மாடல். தாங்கி மேல நிக்கும். மூடிட்டா... கப்பல்."

"அப்ப தொறந்துடு. நிக்கட்டும்."

எதற்கென்று தெரியாமல் போட்டு வைத்திருந்த மகளின் தாங்கி கட்டிலடியில் இருந்தது; அதை எடுத்து வர பஸ்காரர் உள்ளே போனார். பசை ஒரு மெல்லிய பிளேடை டோக்கனின் விளிம்பில் விட்டு நெம்பினான். டோக்கன் கழன்று விழுந்தது. உஸ்ஸென்று ஒரு காற்று வெளியே வந்தது. அதோடு கூட, தூரத்துப் போனில் கேட்பதுபோல, மகளின் குரலும் வந்தது. "யாரது? காத்து போகுது பாருங்க, மூடுங்க." எரிச்சல்தான் இருந்தது அந்தக் குரலில், பயம் இல்லை. இஸ்திரியம்மா "நான்தான்டி" என்றாள். "அம்மாவா?" என்றது குரல், மூச்சிரைத்தபடி. ஜன்னல்களில் வெளிச்சம் மங்கியது. இஸ்திரியம்மா கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். குரல் நின்றது. வெளிச்சம் திரும்பியது.

பஸ்காரர் கையில் தாங்கியோடு வந்து நின்றார். நடந்ததைப் பசைதான் சொன்னான். அவர் தாங்கியைத் தரையில் வைத்தார்.

"எனக்குக் கேக்கலியே" என்றார்.

"காத்து போயிடுங்க" என்றாள் இஸ்திரியம்மா.

"ஒரே ஒரு தடவை விரல எடு. ஒரு வார்த்தை. நான் அவகிட்ட எதுவும் பேசக்கூட மாட்டேன், கேட்டுக்கறேன், அவ்வளவுதான்."

"மூச்சு வாங்குதுங்க அவளுக்கு."

"உனக்கு மட்டும் கேட்டுச்சு."

அவள் விரலை எடுக்கவில்லை. பஸ்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்; பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பசை, டோக்கனின் பின்புறம் புதிதாக ஒட்டுப்பசை பூசி எடுத்து வந்தான். அவள் விரலை விலக்கியதற்கும் டோக்கன் உட்கார்ந்ததற்கும் நடுவில் ஒரு இமைப்பொழுது இருந்திருக்கும். அதற்குள் பஸ்காரர் திரும்பிக் காதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது காற்று மட்டும். காது மடலில் பட்ட அந்தக் காற்று சில்லென்று இருந்தது என்று பிற்பாடு ஒருமுறை சொன்னார். மற்றபடி அதைப்பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை. இருவரும் ஒரு வருடம்போல எதைப்பற்றியும் அதிகம் பேசவில்லை.

ஜன்னல் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். கப்பல் தெருவுக்கு வந்தது. பெரிய கப்பல் மெல்லத்தான் வேகமெடுக்கும் என்று பசை சொன்னதுபோல, விரல்கடை சாணாகி, சாண் முழமானது; உயரமும் கூடிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டார் துணி காயப்போடும் கொடியை உயர்த்திக் கட்டினார்கள். தபால்காரர் அதன்கீழ் குனிந்து போகப் பழகினார். கேபிள்காரர்கள் ஒயரை இரண்டு முறை மாற்றி இழுத்தார்கள், மூன்றாம் முறை முணுமுணுத்தார்கள், நான்காம் முறை யாரும் கேட்காமலே இழுத்தார்கள். கப்பல் தெருவைத் தாண்டியபோது இஸ்திரியம்மாவும் பஸ்காரரும் அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். அதையும் தாண்டியதும் அதற்கடுத்த தெருவில். வீடு காட்டும் தரகர்கள் தண்ணீர் வருமா, வெயில் அடிக்குமா என்பதையெல்லாம் அவர்களிடம் பேசுவதில்லை. "முன்பக்க ஜன்னல், நேர் எதிர்லயே போகும், ஒரு மாசம் பாக்கலாம்" என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. பசைக்குக் கல்யாணம் நடந்தது, குழந்தைகள் பிறந்தன. மாதம் ஒருமுறை தனியாக வந்து, ஏணி போட்டு ஏறி, டோக்கனின் விளிம்பில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். கப்பல் ஏணிக்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகும் சில மாதங்கள் ஏணியோடு வந்தான்.

கடைசி வீடு கடற்கரையில் இருந்தது. அதற்கப்பால் வாடகைக்கு எதுவும் இல்லை. கப்பல் தண்ணீரின்மேல் போக ஆரம்பித்த அன்று மாலை இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து பஸ்காரர், "அன்னிக்கு அம்மாவான்னு கேட்டாளே, எப்படிக் கேட்டா?" என்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக. இஸ்திரியம்மா யோசித்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, தன்னால் முடிந்தவரை அந்தக் குரலிலேயே, "அப்பாவா?" என்றாள். பஸ்காரர் "ஆமாம்மா" என்றார்.

அந்தக் கரையின் படகுக்காரர்கள் வெளியே போகும்போது ஓரிடத்தில் பாய்மரத்தைச் சாய்த்துக்கொள்கிறார்கள். அந்த இடம் வருடத்துக்கு வருடம் தள்ளிப் போகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் என்று கேட்டால், "மேல ஒரு பொண்ணு போயிட்டிருக்கு, இடிச்சுடாத" என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விடுகிறார்கள்.