ஆட்சேபணை

என் தம்பி அருள்மொழி லாரி மோதிச் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவன் பொண்டாட்டி என்று ஒருத்தி வந்து நின்றாள். கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி வேறு. நான் பார்த்த பெண்ணை வேண்டாமென்று சண்டை போட்டு அடிவாரத்துக்கு வேலைக்குப் போனவன், பொங்கலுக்கு வந்தால் உண்டு. கல்யாணமானதை மூச்சு விட்டதில்லை.

"கோயில்ல தாலி கட்டினாருங்க அண்ணி. பாப்பா சர்டிபிகேட்ல அவர் பேருதானுங்க" என்றாள். பெயர் அருணாவாம்.

"ஊருலகத்துல ஒரே அருள்மொழிதானா? அண்ணிங்கற வேலையெல்லாம் வேண்டாம்."

மலைமேல் வளப்பூர் நாட்டில் அவன் பெயரிலிருக்கும் மிளகுத் தோட்டம்தான் எனக்குச் சோறு. புருஷன் போனபின் உரம் சுமந்து கொடி ஏற்றியவள் நான். அவனுக்கு வேறு வாரிசு இல்லையென்றால் எனக்கு. இவர்கள் வாரிசென்றால் நான் வெளியே. அவள் கண் கொடிகளையே சுற்றியது. சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் இறங்கி நிலத்தின் விலையை விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பாள். கடைசி பஸ் போய்விட்டதால் தங்கவிட்டேன்.

மறுநாள் அடிவாரத்துத் தாலுகா ஆபீஸில், அவள் முன்பே கேட்டிருந்த வாரிசுச் சான்றுக்கு விசாரணை. நான் ஆட்சேபித்தால் சான்று கிடைக்காது, அவள் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அதற்கு வசதி இல்லாதவள் என்பது செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. இரவே எழுதிய ஆட்சேபணை மனுவை மடியில் செருகிக்கொண்டேன். கிளம்பும்போது சிறுமி வாசலோரக் கொடியில் எதையோ பறித்தாள். இப்போதே கை வைக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொண்டை ஊசி வளைவு தொடங்கியதும் பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்கள். சிறுமி பச்சை மிளகுச் சரத்தை எடுத்து, சில மணிகளைக் கிள்ளி, கடிக்காமல் நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுப்பான் அருள்மொழி. அவனுக்கு நானே கண்டுபிடித்த வைத்தியம் அது. ஊரே சிரித்தது, வேறு யாரும் செய்ததில்லை.

"யார் கண்ணு சொல்லிக் குடுத்தா?"

"அப்பாங்க. அவுங்களுக்கு அவுங்க அக்கா சொன்னாங்களாம்" என்றவள், என்னை உற்றுப் பார்த்தாள். "அது நீங்களா?"



ஆபீஸில் அதிகாரி கேட்டார்: "உங்களுக்கு ஆட்சேபணை இருக்குதாங்கம்மா?"

மனு மடியில் உறுத்தியது. அத்தனை வருட உழைப்பும் கண்முன் வந்து நின்றது. தம்பிமேல் அப்படியொரு ஆத்திரம். படுபாவி, என்னிடம் வாயைத் திறக்காமலே போய்விட்டானே!

"அவன் புள்ளதாங்க. எழுதுங்க."

"நிலம் அவங்களுக்குப் போயிரும். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. எழுதச் சொன்னனில்ல!"

வெளியே வந்ததும் அருணா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

"உன்னைய நான் இன்னும் நம்பல. வா, மேல போற பஸ் வந்துரும்."

பஸ் ஏறியதும் சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிச்சமிருந்த மிளகை என் உள்ளங்கையில் வைத்து, "அடக்கிக்கோங்க அத்தை, கடிச்சராதீங்க" என்றாள். நான் உரம் போட்ட கொடியின் மிளகு. இப்போது அவள்தான் எனக்குக் கொடுத்தாள்.