துபாய் நம்பர்

கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், என் செல்லங்களா. நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கதை தருகிறேன். கொஞ்சம் கனமான கதைதான். ஆளுக்கு ஒரு கை கொடுத்தால் தூக்கிவிடலாம்.

ஆழ்வார்குறிச்சியில் பிரம்மநாயகி என்று ஒருத்தி. புருஷன் போய்ப் பல வருஷம். மகள் சித்ரலேகா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு இளையவன் மகேஸ்வரன் துபாயில் வேலை பார்த்தான். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணியில் பிரம்மநாயகி படுக்கையில் விழுந்துவிட்டாள். டாக்டர் கையை விரித்தார். மகன் பத்து நாள் லீவில் ஓடி வந்தான்.

வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒன் கையால ஒரு சொட்டுப் பால் ஊத்திருலே. அது போதும் எனக்கு."

சாகப்போகிறவர் வாயில் பெற்ற பிள்ளை பால் ஊற்ற வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா. "அதுக்குத்தான வந்திருக்கேன்மா" என்றான் அவன்.

அவன் சட்டைப்பையில் சோப்புக் கட்டி அளவில் ஒரு செல்போன் இருந்தது. துபாயில் வாங்கியது. எந்த நாட்டுக்குப் போனாலும் அதே நம்பரில் கிடைக்கும்படி அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஆனால் ஆழ்வார்குறிச்சியில் அதற்கு மூச்சு இல்லை. டவர் எல்லாம் திருநெல்வேலியோடு சரி. பேட்டை தாண்டினால் அணைந்துவிடும். இருந்தாலும் அவன் மொட்டைமாடியில் ஏறி அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"ஏலே மகேசா, காக்காய்க்குச் சோறா வைக்க?" என்று பக்கத்து வீட்டு வடிவம்மாள் கேட்பாள். படுக்கையில் கிடந்தவள்கூட அதற்குச் சிரித்தாளாம்.

ஒன்பது நாள் ஓடிவிட்டது. உயிர் இருக்கிறது, லீவுதான் இல்லை. பத்தாம் நாள் காலையில் டிக்கெட் தேதியைத் தள்ளிப்போட அவன் திருநெல்வேலிக்குப் புறப்பட்டான். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் நம்பர் எழுதி அக்காவிடம் கொடுத்தான்.

"ஏதும்னா இதுக்கு அடி. ஜங்ஷன்ல இது நல்லா வேல செய்யுது. ஒடனே காரு பிடிச்சு வந்துருவேன்."

பதினொரு மணிக்குப் பிரம்மநாயகியின் மூச்சு மாறியது. தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம். வடிவம்மாளை உட்காரவைத்துவிட்டு சித்ரலேகா அப்பாத்துரையின் டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். ஊரில் அந்த நாளில் வெளிநாட்டுக்குப் பேச அவர் கடைதான். நம்பர் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்பாத்துரை கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"இது துபாய் நம்பர்லா தாயி."

"தம்பி எழுதிக் குடுத்தது அண்ணாச்சி. சீக்கிரம் அடிங்க."

"தம்பி எங்கன இருக்கான்?"

"திருநெல்வேலில."

"திருநெல்வேலில இருக்கவனைத் துபாய்ல போய்த் தேடுதியே. தொள்ளாயிரத்தி எழுபத்தொண்ணுன்னா துபாய். அடிச்சா அங்க பூட்டின ரூமுக்குள்ளதான் மணி அடிக்கும். அவசரத்துல பழக்கத்துல எழுதிட்டான் பய."

சித்ரலேகாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தம்பியின் செல்போன் ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட மணி அடித்து அவள் கேட்டதில்லை. நம்பர் என்றால் ஊரோடு சேர்ந்தது. கிணறு மாதிரி. ஊர்விட்டு ஊர் போகுமா என்ன?

"எந்த ஆபீஸுக்குப் போயிருக்கான்? பேரு சொல்லு, நான் தேடிப் பிடிக்கேன்."

"கேக்கலையே அண்ணாச்சி. நம்பர் இருக்கேன்னு இருந்துட்டேன்."

"நீ பைய வீட்டுக்குப் போ. மதிய பஸ்ல வந்துருவான்."

அப்பாத்துரை கெட்ட மனுஷர் இல்லை, கண்ணுகளா. தெரிந்ததைத்தான் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி ஆறவைத்தாள். கிண்ணத்தையும் பால் புகட்டும் சங்கையும் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தாய் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மதிய பஸ் வந்து போனது. அவன் வரவில்லை.

ஒன்றரை மணிக்கு வடிவம்மாள் அதட்டினாள். "ஊத்துடி. இன்னும் எத்தனை நேரம் அவளை இழுக்க விடுவ?"

சித்ரலேகா சங்கை வாயில் வைத்தாள். "அம்மா, மகேசன் ஊத்துதான்மா. மகேசன்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். பால் பாதி உள்ளே போனது. மீதி கன்னத்தில் வழிந்தது.

அங்கே மகேஸ்வரன் ஜங்ஷனில் ஓர் ஏஜென்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சென்னையிலிருந்து பதில் மூன்று மணிக்குத்தான் வரும் என்றார்கள். அவன் போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் கோடு நாலும் நிறைவாக நின்றது. மணி அடிக்கவில்லை. சரி, அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நிம்மதியாகக் காத்திருந்தான். பத்து நாள் தள்ளிப்போட்ட டிக்கெட்டோடு வந்து இறங்கும்போது வீட்டு வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா அடிக்கல?" என்றான்.

"துபாய்க்கா?" என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்தான். வடிவம்மாள் அழுதபடி நடுவில் வந்து விழுந்தாள். பிறகு அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. அக்காதான் பேசினாள். வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்பரை மாத்தி எழுதிக் குடுத்துட்டான், பாவி" என்று சொல்லி அழுதாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை.

காரியம் முடிந்து அவன் கிளம்பினான். சாயங்காலம் திருநெல்வேலியில் ரயில். சித்ரலேகா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கால் தானாகப் பூத்துக்குத் திரும்பியது. பர்ஸிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள்.

"அடிங்க அண்ணாச்சி."

"அவன் இன்னும் ரயிலே ஏறிருக்க மாட்டானே தாயி."

"அதனாலதான் அடிக்கச் சொல்லுதேன்."

அப்பாத்துரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மணி போனது. ரிசீவரை அவளிடம் கொடுத்தார்.

"ஹலோ?" பின்னால் ஜங்ஷன் ஸ்டேஷனில் அறிவிப்பு கேட்டது. "யாரு? அக்காவா?"

அவள் கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"நம்பர் சரிதாம்லே" என்றாள்.

"சரிக்கா. அழாத. வச்சிரு" என்றான்.

அப்பாத்துரை தலை நிமிரவே இல்லை. மறுநாள் பூத்துக் கண்ணாடியில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது: எந்த நம்பரானாலும் முதலில் அடித்துப் பார்க்கவும்.

எழுந்திருங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டில் யாருடைய குரலும் பாதி வழியில் நிற்க வேண்டாம். தேடுகிற நேரத்தில் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் அடுக்களையில் காய்ச்சுகிற பாலெல்லாம் குழந்தைகள் குடிக்கிற பாலாகவே நெடுங்காலம் பொங்கட்டும்.