அஜீசுன்னிசா அடித்த விடை

எழுத்தர் பதவிக்கான இலாகாத் தேர்வு காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஃபைல் தூக்கியே நாற்பத்தியொரு வயதாகிவிட்ட நான், பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் பக்கத்து வரிசையில் அஜீசுன்னிசா. நாங்கள் பேசி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள், யாரோ ஒருத்தியைக் கேட்பது போல. எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பு வரை எங்களுக்கு ஒரே பெஞ்ச், ஒரே டிபன் டப்பா.

அந்த வருஷம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியே தீருவதென்று பாடுபட்டுக்கொண்டிருந்தாள். முழுப் பரீட்சையில் நிரப்புக் கோணம் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் தொண்ணூறு என்று எழுதினாள். எனக்கோ நூற்றெண்பது என்று தோன்றியது. தோன்றினால் சும்மா கிடக்கிற வாயா என் வாய்?

"தப்புடி. நூத்தி எண்பது."

அவள் வினாத்தாளின் மூலையை மடித்துக் காட்டினாள். மூலை என்றால் தொண்ணூறு. எப்படி மடித்தாலும் மடிப்புக்கு இரண்டு பக்கமும் விழுகிற கோணங்கள் சேர்ந்து அந்தத் தொண்ணூறுதான். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, சத்தியமே பண்ணினேன். பாவி என்னை நம்பி, சரியான விடையை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். தொண்ணூற்றெட்டு வந்தது. சண்டை போடவில்லை. பள்ளி திறந்ததும் வேறு பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பதினேழாவது கேள்வியும் அதே நிரப்புக் கோணம்தான். ஒரு கோணம் x, அதன் நிரப்புக் கோணம் 2x + 15. பெரியது எது?

பழைய புத்தி போகுமா? கூட்டி நூற்றெண்பதுக்குச் சமம் என்று போட்டேன். x ஐம்பத்தைந்து, பெரியது நூற்றிருபத்தைந்து. விடைகளில் அதுவும் இருந்தது. வட்டத்தைக் கறுப்பாக்கப் போனவள், வினாத்தாளின் மூலையை மடித்துப் பார்த்தேன். நூற்றிருபத்தைந்து இந்த மூலைக்குள் எங்கே அடங்கும்? 3x + 15 = 90. x இருபத்தைந்து. பெரியது அறுபத்தைந்து.

கண் கலங்கிவிட்டது. மேற்பார்வையாளர் என்ன நினைத்தாரோ, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தேர்வு முடிந்து நெரவி பஸ்ஸில் ஏறினேன். அவள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். இன்றைக்கும் விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அஜீசு, அன்னைக்கு உன் ரெண்டு மார்க்கக் கெடுத்தது நான்தான். மன்னிச்சிரு."

அவள் என் கையிலிருந்த வினாத்தாளை வாங்கினாள். மடிந்திருந்த மூலையை விரலால் நீவிப் பார்த்தாள்.

"இத மடிக்க உனக்கு இத்தன வருஷமாடி?" என்று ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.