பதினைந்தாவது மட்டை

கோல்ஃபை நான் ஒருநாளும் ஒரு விளையாட்டாக மதித்ததில்லை. ஓட்டமில்லை, வியர்வையில்லை, கைதட்டுவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும். ஆனால் என் அக்கா மகள் லக்ஷிகாவுக்கு அதுதான் தொழில். பாரிசுக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் இளங்குமரன் அத்தான் இருபத்தாறு வருடமாகப் புல் வெட்டுகிறார். அவர் மகள் அதே புல்லில் ஆடப் பழகி, பெயருக்குப் பக்கத்தில் பிரான்ஸ் கொடியோடு நாடு நாடாகப் போய் ஆடுகிறாள். எனக்குப் பெருமை இல்லாமலா? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் ஆட, தகுதிப் போட்டியில் ஜெயித்து ஒரு கார்டு வாங்க வேண்டும். இரண்டு வருடம் முயன்று இரண்டு முறையும் தோற்றுவிட்டாள். இந்த வருடத்தோடு பிரெஞ்சு கோல்ஃப் சங்கம் தரும் பண உதவியும் நின்றுவிடும். "இந்த முறை கிடைக்கேல்லையெண்டா விட்டிடுவன் சித்தி," என்று புட்டுக்குக் கறி ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஏதோ டயட்டை விடப்போவதுபோல.

போட்டி, அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட ட்ரைவ். அவள் எங்களோடுதான் தங்கினாள். நான்கு நாள் ஆட்டம். முதல் முப்பத்தைந்து பேருக்குக் கார்டு. மூன்று நாள் முடிந்தபோது அவள் இருபத்திரண்டாவது.

நான்காம் நாள் விஜயதசமி. முதல்நாள் சரஸ்வதி பூசைக்கு என் ஸ்டெதஸ்கோப்பையும் இவருடைய லேப்டாப்பையும் சாமி அறையில் வைத்தேன். "பொட்டு வைச்சா புரோகிராம் தானா ஓடுமோ, நேசம்?" என்று என் கணவர் அரியரட்ணம் வழக்கம்போல நக்கலடித்தார். லக்ஷிகாவின் பை காரிலேயே இருந்தது. ஆனால் அவள் கட்டிலுக்கடியில் ஒரு சின்ன மட்டை கிடந்தது. அவளுக்கு ஆறு வயதானபோது, யாரோ எறிந்துவிட்டுப் போன மட்டையை அத்தான் குட்டையாக அறுத்துக் கைப்பிடிக்குத் துணி சுற்றிக் கொடுத்தது. எங்கே போனாலும் அதைக் கூடவே கொண்டுபோவாள். அதை எடுத்துச் சந்தனம் பூசிப் பூசையில் வைத்தேன். விடிந்ததும் அவளுக்குத் தெரியாமல் பைக்குள் சொருகினேன். அப்பாவின் கை பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில், மைதானத்தில் அவளுடைய பை தூக்கும் உதவியாளரான கேடியிடமிருந்து மெசேஜ் வந்தது. முழங்கால் வீங்கிவிட்டதாம், பை தூக்க வர முடியாதாம். இவருக்கு இடுப்புப் பிடிப்பு. நான் நர்ஸ், பன்னிரண்டு மணிநேரம் நின்று பழகியவள். "நான் தூக்குறன்," என்றேன்.

காரில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "சித்தி, தொடங்க முதல் மட்டையளை எண்ணுங்கோ. பதினாலுதான் இருக்கலாம்."

எண்ணினேன். பதினான்கு இருந்தது. சின்னதை நான் எண்ணவில்லை. பஸ்ஸில் கைக்குழந்தைக்கு யார் டிக்கெட் கேட்கிறார்கள்? அப்படித்தான் என் புத்தி போனது.

முதல் இரண்டு குழிகளை அழகாக முடித்தாள். மூன்றாவதில் துவாலை எடுக்கப் பைக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் சந்தனம்.

"சித்தி, இது ஏன் இதுக்குள்ள கிடக்கு?"

"பூசையில வைச்சனான் பிள்ளை. அப்பான்ர எல்லோ."

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்லும்போது பார்த்திருக்கிறேன், அதே முகம். கோல்ஃபில் அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி; ஒரு மட்டை கூடினால் ஆடிய குழிக்கு இரண்டு அடி தண்டனையாகக் கணக்கில் ஏறும். இரண்டு குழிக்கு நான்கு. தணிந்த குரலில் அதைச் சொன்னாள். கூட ஆடிய இரண்டு பெண்களும் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தச் சின்ன மட்டைக்குக் கைநீட்டினேன். "ஒருத்தரும் காணேல்ல. என்ர கோட்டுக்குள்ள ஒளிச்சுப்போடுறன். நீ ஆடு."

"நான் கண்டிட்டன் சித்தி."

அவ்வளவுதான் சொன்னாள். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். அந்த மனிதர் வந்து கேட்டு, எழுதிக்கொண்டு, "ஸாரி" சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் புல்லிலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஆடியதை நான் மிச்சப் பதினாறு குழிக்கும் கூடவே நடந்து பார்த்தேன். கோபமாக ஆடவில்லை, அழவும் இல்லை. போன நான்கு அடியில் மூன்றைப் பிடித்துவிட்டாள். கடைசிக் குழியில் பந்து விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்றது. கோல்ஃபை நக்கலடித்த நான் அப்போது வாய்விட்டு அழுதேன்.

ஒரே ஒரு அடியில் கார்டு போனது.

கார் பார்க்கில் அத்தானின் வீடியோ கால் வந்தது. அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், அக்காவும் பின்னால் நின்றாள்.

"எண்ணேக்க பிழைச்சுப்போட்டுது அப்பா. என்ர கவலையீனம்," என்றாள் லக்ஷிகா.

"பதினாலு வரைக்கும் எண்ணத் தெரியாதோடி உனக்கு? நான் வெயில், பனி பாராமல் கிடந்து உன்னை..." அத்தான் கத்தினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். என் பெயர் அவள் வாயில் வரவேயில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நடுவருக்கும் அப்படித்தானே தெரியாமல் இருந்தது. போனைப் பறித்தேன்.

"அத்தான், அவளை ஏசாதேங்கோ. நீங்கள் அறுத்துக் குடுத்த சின்ன மட்டையைப் பைக்குள்ள வைச்சது நான். ஒளிப்பம் எண்டும் நான்தான் சொன்னனான். அவள் மாட்டன் எண்டிட்டாள்."

அத்தான் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தார். திரை இருண்டது.

இன்றைக்கு நான்கு நாள். அத்தான் என் போனை எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம், அந்தக் கோபம் எனக்கு உரியதுதான்.

இன்று காலை அவளுக்குப் பாரிஸ் ஃப்ளைட். ஹாலில் பையைப் படுக்கவைத்து ஒவ்வொரு மட்டையாகத் துடைத்து அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், வாய்க்குள் எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பிறகு அவள் அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் கைவிட்டுச் சின்ன மட்டையை எடுத்துவந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் துடைக்காமல் மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.

"பிள்ளை, பதினைஞ்சாகுது," என்று என்னை அறியாமல் பதறினேன்.

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இனி எண்ணத் தேவையில்லை சித்தி."