ஏழாம் வரிசையும் பதினேழாம் வரிசையும்

பதினோரு வருடமாக நான் பேசியதையெல்லாம் யார் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரிந்தது. கையில் வரைபடமும் சிவப்புப் பேனாவுமாக நின்றிருந்தேன். நல்ல வெயில். பயப்படுவதற்கான நேரமே இல்லை அது.

எங்கள் மாநகராட்சி நூலகத்திலிருந்து ஒரு சிறு நூல் வரவிருந்தது. நகரத்தின் மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கமாகியிருக்கும் முக்கியமானவர்கள் நாற்பத்தோரு பேர். ஆளுக்கு ஒரு பக்கம், யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு வரைபடம். பெரிய பாலத்தைக் கட்டிய பொறியாளர், மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, ஒரே ஆட்டத்தில் பதினான்கு பந்தைத் தடுத்துவிட்டு அதற்குப் பிறகு மைதானத்தில் காலே வைக்காத கோல்கீப்பர். எட்டு மாதமாக இவர்களோடுதான் எனக்குக் குடித்தனம். எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'காற்புள்ளி' என்று பெயர். ஒரு பக்கத்தை நீட்டினால் செத்தவர் யார் என்று பார்க்கமாட்டார், காற்புள்ளி எங்கே என்றுதான் தேடுவார்.

"செத்தவங்க யாரும் வந்து திருத்தப் போறதில்ல. நாமதான் பாத்துப் போடணும்" என்பார்.

நாற்பத்தோராவது ஆள், வானொலியில் செய்தி வாசித்த அம்மையார். அவருக்கு மட்டும் கல் இல்லை. பெருவெள்ளம் வந்த வருடம் மூன்று நாள் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தே இருந்தவர் அவர். ஊர் முழுக்கச் சிதறிப்போனவர்களின் பெயர்களை வாசித்தார். இன்னார், இன்ன இடத்தில், நலமாக. இன்னார், இன்ன பள்ளிக்கூடத்தில், நலமாக. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பார். அந்த மூச்சு கேட்டதும் வீடுகளில் அழுகிற குழந்தையின் வாயைக்கூடப் பொத்துவார்களாம். இருபத்தேழு வருடம் கழித்து, ஓய்வுபெற்று, யாரும் நினைக்காத ஒரு மழைவாரத்தில் இறந்தார். சொந்தமென்று யாரும் இல்லை. வானொலி நிலையம் நினைவுக்கல் வைக்க ஒரு குழு அமைத்தது. கல் வரவில்லை, குழு மட்டும் நிலைத்தது. இப்போதுதான் எங்கள் நூலோடு சேர்த்து, வரும் வெள்ளிக்கிழமை கல் திறப்பதாக முடிவாகியிருந்தது. பதிவேட்டின்படி இடம்: ஏழாம் வரிசை, கிணற்றுச் சுவரிலிருந்து ஒன்பதாவது.

அதே வாரம் இறந்தவள் என் அம்மா. அவளும் அதே தோட்டத்தில்தான். பதினேழாம் வரிசை, ஒன்பதாவது.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்த்தவள். வீட்டுக்கு வந்தால் அவளிடமிருந்து சூடான பருத்தி வாசனை வரும். செய்தி நேரத்தில் அவளிடம் யாரும் பேசக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் கையைத்தான் உயர்த்துவாள். செய்தி முடிந்ததும் திரும்பி, "ம். இப்ப சொல்லு" என்பாள்.

அந்த அம்மையார் இறந்ததை ஒட்டி வானொலியில் தினமும் ராத்திரி பழைய வெள்ளப் பதிவை ஒலிபரப்பினார்கள். அம்மா படுக்கையில் இருந்தாள். காது மந்தம். வானொலியைத் தலையணையில் வைத்துக் கன்னத்தால் அழுத்திக்கொண்டு கேட்டாள். மூன்றாம் ராத்திரி எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் எனக்கு வேலைக்கான நேர்காணல். "போதும்மா, தூங்கு" என்று வானொலியை அணைத்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் இருடி" என்றாள். நான் மறுபடி போடவில்லை. விடிந்தபோது அவள் இல்லை.

இவ்வளவுதான் என் குற்றம். சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் மனசுக்குத் தராசு வேறு. பதினோரு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் வரிசைக்குப் போய், அம்மாவின் பெயர் வெட்டிய கல்லின் முன் உட்கார்ந்து, அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கல்யாணம் முறிந்தது, தலையில் முதல் நரை வந்தது எல்லாம் சொன்னேன். ஆனால் கடைசியில் சுற்றிச் சுற்றி வானொலிக்கே வந்து நிற்பேன். ஒவ்வொரு முறையும், பேச்சை நான் நிறுத்தும் இடத்தில், மண்ணுக்கு அருகில் ஒரு சின்ன மூச்சு கேட்கும். உள்ளே இழுக்கிற மூச்சு. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. அதுதான் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. கேட்கிறாள் என்று ஆறுதலாக இருந்தது.

நூலுக்காக நிலையத்திலிருந்து அந்தப் பழைய பதிவு என் கைபேசிக்கு வந்தபோதுதான் வினை தொடங்கியது. இரண்டு மணி நேரப் பதிவு. நான் அணைத்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், அதற்குப் பின் ஆறு குழந்தைகள். அதைத் தாண்டிக் கேட்டேன். நான்கு நிமிடம் போனதும் மூச்சு. பிறகு என் அப்பாவின் பெயர். ரயில் கொட்டகையில், நலமாக.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. அப்பா பிறகு பன்னிரண்டு வருடம்தான் இருந்தார். அம்மா எதற்காக 'இன்னும் கொஞ்சம்' கேட்டாள் என்பது எனக்கு நாற்பதை நெருங்கும்போது தெரிந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான், அச்சுக்கு அனுப்புமுன் வரைபடத்தைச் சரிபார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். காவலர் அங்கேயே குழி வெட்டி முடியும் தாடியும் நரைத்தவர். எல்லோரும் 'சின்னவர்' என்பார்கள். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், 'பெரியவர்'. இருவரும் ஏதோ ஒரு மண்வெட்டிக்காகச் சண்டைபோட்டு, இருபத்துமூன்று வரிசைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். இந்தப் பாதி ஒருவர், அந்தப் பாதி ஒருவர். நடுவில் பன்னிரண்டாம் வரிசையில் இன்றுவரை யாரும் புதைக்கப்படவில்லை. அது அவர்களுடைய எல்லை. இங்கே ஒன்று வெட்டினால் அங்கே ஒன்று என்று, இரண்டு பாதியும் கண்ணாடி பார்த்தமாதிரி நிறைந்தன.

"அண்ணே, ரேடியோ அம்மா ஏழாவது வரிசைதானே? வெள்ளிக்கிழம கல்லு வருது" என்றேன்.

சின்னவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எந்த மாசம் செத்தாங்க?"

சொன்னேன்.

"அப்ப ஏழு இல்ல."

"பதிவேட்டுல ஏழுன்னுதான்ணே இருக்கு."

"தாளு என்ன வேணா சொல்லும்மா. ரோடு போட்டப்ப வாசல அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் மாத்துனாங்க. அதுவரைக்கும் வரிசைய அங்கிருந்து எண்ணினோம், அப்புறம் இங்கிருந்து. பழைய பேருங்களையெல்லாம் ஆபீஸ்ல புது எண்ணுக்கு மாத்தி எழுதிட்டாங்க. ஆனா வாசல் தொறந்தும் ஒரு மாசம் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கல. நாங்க ரெண்டு பேரும் பழையபடியே எண்ணிச் சொன்னோம். ஆபீஸ்காரரு அத புது எண்ணுன்னு நெனச்சு அப்படியே வுட்டுட்டாரு. அந்த ஒரு மாசத்து ஆளுங்க மட்டும் தலகீழாக் கெடக்காங்க. தாளுலதான். மண்ணுல இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து ஏழு என்றால் இந்தப் பக்கத்திலிருந்து பதினேழு. மனக்கணக்கில் நான் மந்தம். ஆனால் இந்தக் கணக்கு தானாகவே விழுந்தது.

"அப்ப பதினேழுல..."

"ரேடியோ அம்மா. எங்கண்ணன் வெட்டினது. ஏழுல உங்கம்மா. நான்தான் வெட்டினேன். மழை, குழிக்குள்ள தண்ணி. வாளியால எறைச்சு எறைச்சு வெட்டினேன்."

மழையில், அப்போது இன்னும் மூடாத பழைய வாசல் வழியாக நுழைந்தோம், குடைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து அக்காவும் நானும் புது வாசல் வழியாக வந்து, பலகையில் எண்ணைப் பார்த்துக் கல்லை நட்டோம். துக்கத்தில் திசை தெரியுமா யாருக்காவது?

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?" என்றேன்.

"கல்லு வெச்ச அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. வந்து பாத்தா அது எங்கண்ணன் பக்கம் நிக்குது. அவன் பக்கத்தப் பத்தி நான் வாயத் தொறக்கறதில்ல, என் பக்கத்தப் பத்தி அவன் தொறக்கறதில்ல. அதான் பேச்சு. அவன் போனப்புறம் சொல்லலாம்னு பாத்தேன். நீங்க மாசாமாசம் வந்து உக்காந்து அழுதுட்டு, எந்திரிக்கும்போது மொகம் கழுவினாப்ல போனீங்க. அத எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வேறு ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். எதையும் பிள்ளைகளிடம் சொல்வதுபோல்தான் சொல்வாள். முழுவதையும் கேட்டாள்.

"சரி, சொல்லாத" என்றாள்.

"அக்கா!"

"என்னடி அக்கா? கல்லு அம்மா மேல வரும். வர்றவன் போறவன் எல்லாம் பூ போடுவான். பெரிய பெரிய ஆளுங்க தல குனிஞ்சு நிப்பாங்க. உயிரோட இருந்தப்ப அவளுக்கு யாரு ஒரு பூ குடுத்தா? ஊரு அழுக்கத் தேய்ச்சே செத்தா. இருக்கட்டும்டி."

"பேரு அவங்க பேரு இருக்குமே."

"பேருல என்ன இருக்கு, பூ யாரு மேல விழுதுன்னு பாரு. நீ வாயத் தொறந்தா நம்ம கல்லப் புடுங்கணும், நூல நிறுத்தணும், அந்தக் காற்புள்ளி உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவான். சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்காத."

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. ஏழாம் வரிசை முழுக்கப் பூவாகக் கிடப்பதை அடுப்படியில் நின்றபடியே பார்த்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதைவிட அம்மாவுக்கு ஒரு கூட்டத்தைக் கொடுத்துவிடுவது சுலபமாகத் தோன்றியது. அவளுடைய நான்கு நிமிடத்தைத் திருடியதற்கு ஈடாக வேறொருத்தியின் புகழைத் திருடிக் கொடுப்பது.

புதன்கிழமை மாலை, வேலை விட்டதும் பதினேழாம் வரிசைக்குப் போனேன். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று. யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்று தெரியாமலே. எப்போதும் உட்கார்கிற இடத்தில் புல் தேய்ந்திருந்தது. என் உடம்பின் அளவுக்கு ஒரு வழுக்கை. அம்மாவின் பெயர் கல்லில் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

மூச்சு கேட்டது.

இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இது இளைப்பு இல்லை. அம்மாவின் இளைப்பு வெளியே வரும்போதுதான் சத்தமிடும். இது உள்ளே போகிற மூச்சு. சின்னது, அளந்தது, ஒரு பெயருக்கு முன்னால் எடுக்கிறது. இரண்டு மணி நேரப் பதிவில் சில நூறு முறை கேட்ட அதே மூச்சு. நான் காத்திருந்தேன். பெயர் வரவில்லை. மறுபடி மூச்சு. மறுபடி ஒன்றுமில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த மூச்சை நான் ஆறுதல் என்று நினைத்து எழுந்துபோயிருக்கிறேன்! ஊரிலிருந்த எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னவர், என் அம்மாவின் பெயருக்குக் கீழே கிடந்து, தன் பெயரைச் சொல்ல மூச்செடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே பேசியிருக்கிறேன். அவரை அணைத்ததற்காக அவரிடமே அழுதிருக்கிறேன். அணைத்துக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

எழுந்தேன். வாசல்வரை திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

வியாழக்கிழமை காலை காற்புள்ளியின் மேசையில் வரைபடத்தை வைத்தேன். சிவப்புப் பேனாவால் ஏழை அடித்துப் பதினேழு என்று எழுதியிருந்தேன். காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அட்டை அச்சாயிடுச்சும்மா."

"வரைபடம் உள் பக்கம் சார். இன்னும் ஓடல."

"பதினேழுல இப்ப ஒரு கல்லு இருக்குன்னு சொன்னீங்களே. அவங்க வீட்டு ஆளுங்க ஒத்துக்கணுமே?"

"நான்தான் சார் வீட்டு ஆளு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல்முறையாக என் முகத்தைப் படித்தார். அதில் எதையும் திருத்தவில்லை. "சரிம்மா, மாத்துங்க" என்றார்.

மதியம் சின்னவரும் கல் வேலை செய்யும் இருவரும் அம்மாவின் கல்லைப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நான் கூடவே நடந்தேன். பன்னிரண்டாம் வரிசை வந்ததும் சின்னவர் வண்டியை நிறுத்தினார். வெறும் புல். ஒரு கணம் செருப்பைக் கழற்றுவாரோ என்று நினைத்தேன். அண்ணன் இறந்த பிறகும் அந்தப் பக்கத்துக்கு அவர் மண்வெட்டியோடு போனதில்லையாம். "வழி வுடுறா" என்று யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார்.

ஏழாம் வரிசை, ஒன்பதாவது. முழங்கால் உயரச் சிமெண்ட் விளிம்பு, ஓர் எண் பலகை, நடுவில் யாரும் பிடுங்காத களை. பதினோரு வருடம் நான் இதைத் தாண்டித்தான் பதினேழுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை இதே விளிம்பில் கால் வைத்துச் செருப்பு வாரை மாட்டியிருக்கிறேன். கல்லை நட்டு, சிமெண்ட் பூசி, அவர்கள் கை கழுவக் கிணற்றுப் பக்கம் போனார்கள்.

உட்கார்ந்தேன். இங்கே புல் தேயவில்லை, உறுத்தியது. மூச்சு கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. அந்த அமைதி என்னைக் கைவிட்டதுபோல் இருந்தது. வாயைத் திறந்து, "அம்மா, அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

கைபேசியை எடுத்து, ஒலியை முழுவதும் கூட்டி, மண்ணின் மேல் கவிழ்த்து வைத்தேன், அவள் கன்னத்தில் அழுத்திக்கொள்வதுபோல. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போட்டேன். ஆறு குழந்தைகள். அதற்குப் பிறகு பால்காரர் ஒருவர், கோவில் மண்டபத்தில், நலமாக. ஒரு தாயும் மகளும். பெயர் தெரியாத கிழவர் ஒருவர், பச்சைச் சட்டை, நலமாக. கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றுபோனது. சின்னவரும் கேட்கிறார் போலிருக்கிறது. நான்கு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

மூச்சு.

அப்பாவின் பெயர். ரயில் கொட்டகையில், நலமாக.

அணைக்கக் கை தானாக நீண்டது, பழக்கம். இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பதிவு தன்பாட்டில் ஓடியது. யார் யாரோ, எங்கெங்கோ, நலமாக. வெயில் கல்லின் மறுபக்கம் இறங்கும்வரை ஓடி, கடைசியில் வெறும் இரைச்சலாகி நின்றது.

அதன் பிறகும் நான் பேசவில்லை. செய்தி முடிந்ததும் திரும்புவாள் அல்லவா, அந்த நேரத்தை விட்டேன்.

பிறகு சொன்னேன்.