பழுதான பெட்டிகள்

பட்டியல் அக்கா சிவப்பு ஸ்டிக்கர் சுருளோடு அறிவியல் அறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது இருபது. பதினொரு மணிக்கு நன்கொடையாளர்கள் வருகிறார்கள். சுவரில் வரைபடம் பாதிதான் ஒட்டியிருந்தது.

எப்போது பார்த்தாலும் கையில் ஏதாவதொரு பட்டியல் இருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கல்வி அறக்கட்டளையின் ஒரே சம்பள ஊழியர் அவள். பாடப்புத்தகத்தில் இல்லாத எதையாவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர அறக்கட்டளை செலவழிக்கும். ஒரு பள்ளியில் நாடகம், ஒன்றில் சதுரங்கம், இங்கே காற்றுப் பெட்டி.

சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நச்சு வாயுவை மோப்பம் பிடிக்கும் சென்சார், மேலே எண் காட்டும் சின்னத் திரை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே பொருத்திச் செய்த பெட்டியை வீட்டில் ஒரு நாள் வைத்திருந்து எண்ணைக் குறித்து வர வேண்டும். எண் சின்னதாக இருந்தால் வரைபடத்தில் பச்சைப் புள்ளி. தாறுமாறாக இருந்தால் பெட்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர், பிள்ளைக்கு வேறு பெட்டி. அதற்கான படிவத்தைத் தயாரித்தவளே அவள்தான். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சரி, பழுது.

"என்னம்மா, பெட்டிக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஒட்டி வெச்சிருக்கே!" என்றார் மீட்டர் மாமா. முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் இங்கே வகுப்பெடுக்கிறார். மேசையில், பழுது அட்டைப்பெட்டியின் மேலாக இருந்த மூன்றை எடுத்து வரிசையாக வைத்திருந்தார்.

"சரி பண்ணிட்டீங்களா மாமா?"

"எதைச் சரி பண்றது? மூணும் கல்லு மாதிரி இருக்கு. கருகின பேப்பரைக் கிட்டக் காட்டினேன். நல்ல பெட்டியும் இதுங்களும் ஒண்ணா ஏறிச்சு, ஒண்ணா இறங்கிச்சு."

"அறுபது, தொண்ணூறுன்னு காட்டுச்சே!"

"இங்கே மூணும் ஒண்ணுன்னுதான் காட்டுது. நீயே பாரு."

அவள் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றின் அடியிலும் ஒரே பிள்ளையின் வரிசை எண். இருபத்தாறு. சிரிப்பு வந்துவிட்டது.

"ஓ, நம்ம உடைசல்! அவ கை பட்டா எதுவும் உருப்படாதுன்னு கிளாஸே பேர் வெச்சிருக்கு மாமா. நாலாவது பெட்டியும் கொடுத்தாச்சு. கேட்டா, 'ஸ்கூல்ல ஒழுங்காத்தான் காட்டுதுக்கா, வீட்டுக்குப் போனாதான் ஏறுது'ன்னு கதை விடுறா."

மீட்டர் மாமா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். பாதியிலேயே அவளுக்கே உறைத்தது.

பெட்டியை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள். மாறாமல் இருந்தது அந்தப் பெண்ணின் வீடு.

படிவத்தைப் புரட்டினாள். முதல் வாரம் முப்பத்தெட்டு. இரண்டாம் வாரம் அறுபத்தொன்று. மூன்றாம் வாரம் தொண்ணூற்று நான்கு. எல்லாம் தன் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் நேரே, பழுது.

"மழைக்கு மூணு நாளா எல்லா வீட்டுலயும் ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்காங்க," என்றார் மாமா.

ஏழாம் வகுப்புக்கு ஓடி உடைசலைக் கேட்டாள். ஆசிரியை கரும்பலகையிலிருந்து திரும்பினார்.

"அவளா? வந்தா மட்டும் என்ன, தலைவலின்னு பெஞ்சுல படுத்துக்கப் போறா. இன்னிக்கு வரவே இல்லை."

தாயின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வாசலில் அறக்கட்டளைத் தலைவர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். புதுச் சட்டை, கையில் பூங்கொத்து.

"எங்கேம்மா ஓடறே? வரைபடம் முடிஞ்சுதா?"

"ஏறுங்க சார், வண்டியை எடுங்க! ஒரு வீட்டுல வாயு கசியுது!"

"யார் சொன்னா?"

"நாம கொடுத்த பெட்டி சார்!"

"பழுதுன்னுதானே அறிக்கையில போட்டே?"

பின்னாலேயே ஓடிவந்த மாமா முன்னால் ஏறினார். அவள் அதற்குள் பின் இருக்கையில் உட்கார்ந்து தீயணைப்பு நிலையத்துக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

குறுகலான தெரு. கீழே லாண்டரிக் கடை, மேலே அந்த வீடு. கடையில் துணி உலர்த்தும் கேஸ் மெஷினின் புகைக்குழாய் பக்கச் சுவரோரம் மேலே ஏறியது. மழைக்காலத்துக்காகக் கட்டிய தார்ப்பாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து அதன் வாயை மூடிக் கிடந்தது. போகவேண்டிய புகை வேறு வழி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"மெஷினை நிறுத்துய்யா! தார்ப்பாயை அறு!" கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினார் மாமா.

"யாருங்க நீங்க? என் கடை வாசல்ல வந்து..." என்று ஆரம்பித்த கடைக்காரர், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தலைவர் தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. பூங்கொத்து காலடியில் நசுங்கியது.

எந்த நாற்றமும் இல்லை. சுத்தமான, பெருக்கித் துடைத்த அறை. இரவு வேலைக்குப் போய்வந்த தாய் கட்டிலில் கிடந்தாள். அவள் முகத்தில் நல்ல தூக்கத்தில் இருப்பவள் போல ஒரு சிவப்பு. உடைசல் தரையில் குப்புறக் கிடந்தாள், கதவிலிருந்து நான்கடி தூரத்தில், ஒரு கை முன்னால் நீட்டியபடி. ஜன்னல் விளிம்பில் நாலாவது பெட்டி முந்நூற்றுப் பத்து என்று காட்டிக்கொண்டிருந்தது.

"மூச்சை அடக்கு! இழு!"

யார் கத்தினார்கள் என்று பிறகு மூவருக்கும் நினைவில்லை. பெண்ணை அவள் இழுத்தாள். தாயை ஆண்கள் இருவரும் தூக்கினார்கள். தெருவுக்கு வந்ததும் பட்டியல் அக்கா பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள்.

தீயணைப்பு வண்டியோடு வந்த ஆம்புலன்ஸின் ஆக்சிஜன் முகமூடிக்குள் பெண் இருமினாள். இன்னொரு முறை இருமினாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"பிழைச்சுட்டாங்க," என்றார் ஆம்புலன்ஸ் ஊழியர். "அம்மாவுக்கு இன்னும் நினைவு வரலை, ஆனா நாடி நல்லா இருக்கு. அரை மணி கழிச்சு வந்திருந்தீங்கன்னா..."

தீயணைப்பு அதிகாரி குறிப்பேட்டோடு வந்தார். "வாயுன்னு எப்படித் தெரிஞ்சது? யார் கண்டுபிடிச்சது?"

தலைவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "எங்க அறக்கட்டளையோட திட்டம்தான் சார். இந்தம்மாதான்..."

"நான் இல்லை." அவள் எழுந்து நின்றாள். "இந்தப் பொண்ணுதான் சார். மூணு வாரமா அளந்து எழுதிட்டு வந்து சொன்னா. பெட்டி பழுதுன்னு நான்தான் வாங்கி வெச்சேன். கீழே போட்டியான்னு வேற திட்டினேன். அப்படியே எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தார்.

"பழுதுன்னு ஒதுக்கினது இவ பெட்டி மட்டும்தானா?"

அவளுக்குப் பழுது அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. மாமா மேலாக இருந்த மூன்றைத்தான் எடுத்திருந்தார்.

"இன்னும் பதினொண்ணு இருக்கு சார்."

"பதினொண்ணா!"

"அதுல எது பெட்டியோட கோளாறு, எது வீட்டோட கோளாறுன்னு எங்களுக்குத் தெரியாது."

அதிகாரி ஏற்கெனவே வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோயிருந்தார். அவள் கையோடு கொண்டுவந்திருந்த, முகவரியும் போன் எண்ணும் உள்ள பழுதுப் பட்டியலை நான்காகக் கிழித்தாள். ஒன்று மாமாவுக்கு, ஒன்று அதிகாரிக்கு, ஒன்று தலைவருக்கு.

"பதினோரு மணிக்கு அவங்கெல்லாம் வந்துடுவாங்களேம்மா..." என்றார் தலைவர், பாதி உயிரில்.

"வரட்டும் சார். அவங்ககிட்ட கார் இருக்கில்ல? ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்புங்க."

தன் பங்கிலிருந்த முதல் எண்ணை அழுத்தினாள். மூன்று முறை மணி அடித்தது. நான்கு. ஐந்து. தெருவே நின்று அவள் காதையே பார்த்தது. ஆறாவதில் யாரோ எடுத்தார்கள், தூக்கம் கலையாத குரல்.

"ஹலோ... யாரு?"

"ஜன்னலைத் திறங்க! எல்லா ஜன்னலையும் திறந்துட்டு வெளியே வாங்க. யாருன்னு அப்புறம் சொல்றேன்."